ஃப்ரிட்ஜ் கதவுல சுழி எழுத்து

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இந்த மழைக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?

வெளிநாட்டுல சுழி சுழியா எழுதி, யாராலயும் படிக்க முடியாத ஒரு பழங்காலக் கையெழுத்துப் புத்தகம் இருக்கில்ல, அதை இந்தப் பேசுற மெஷினுங்க எல்லாம் படிச்சு முடிச்சிடுச்சாம். ஆனா நம்மகிட்ட சொல்லாதாம். கேட்டா, "அது அடுத்தவங்க அந்தரங்கம்"ங்குது.

நேத்து எங்க சமையலறையில இதே பேச்சுதான். வேற கிரகத்துக்காரன் எழுதினதுன்னான் என் மகன் இளம்பரிதி. சித்த வைத்தியம்டான்னேன் நான்.

"அதெல்லாம் இல்ல அத்தை"ன்னா என் மருமக மகிழினி. "எவளோ ஒரு மருமக எழுதியிருக்கா. மாமியாருக்குப் புரியக் கூடாதுன்னு எழுத்தையே மாத்திட்டா."

வெண்டைக்கா நறுக்கிட்டிருந்த எங்க சமையல் மெஷின் சட்டுனு நின்னுடுச்சு.

"அக்கா, இதை யாரு உங்களுக்குச் சொன்னா?"ன்னு கேக்குது!

அவ்வளவுதான், ரெண்டும் கூட்டு சேந்துடுச்சு. இன்னைக்குக் காலையில பாத்தா ஃப்ரிட்ஜ் கதவு பூரா அதே சுழி எழுத்து, மகிழினி கையால.

"என்னடி எழுதியிருக்கா?"ன்னு மெஷினைக் கேட்டேன்.

"அது அக்காவோட அந்தரங்கம், பெரியம்மா."

ஒரு வார்த்தை மட்டும் வரிக்கு வரி வருது. அது நான்தான்னு படிக்காமலே தெரியுது.

உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் இப்படி ஏதாவது இருக்கா? எனக்கு எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க.