பட்டியலில் இல்லாத பெயர்

“என் பேரு எங்க? நல்லாப் பாத்துச் சொல்லுப்பா.”

தச்சரின் குரல் பள்ளிக்கூட வராந்தா முழுக்கக் கேட்டது. பட்டியலை வைத்திருந்த தபால்காரர் மறுபடியும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இல்லண்ணே. யூத மதத்துல சேரணும்னு ஊர்ல எழுபத்தாறு பேர் எழுதிக் குடுத்தோம். எழுபத்தஞ்சு பேரைச் சேத்துக்கிட்டாங்க. உங்களை மட்டும் விட்டுட்டாங்க.”

தச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யூதர்களின் வேதத்தை இந்த ஊருக்கு முதன்முதலில் வாசித்துக் காட்டியதே அவர்தான். ஒன்பது வருடமாக, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் உளியைத் தொட்டதில்லை. ஜெபக்கூடத்து பெஞ்சுகள் எல்லாம் அவர் கைவேலை. பாடம் நடக்கும்போது குறட்டை விட்ட கொல்லர்கூடத் தேறிவிட்டார்.

கல்யாணம் ஆகாத மனுஷனுக்கு வீட்டில் அம்மா ஒருத்திதான். அவளோ, “இந்தப் பேச்சை வாசலோட விட்டுட்டு வா” என்று ஆரம்பத்திலிருந்தே சீறிக்கொண்டிருந்தவள். நேற்று ஊராரைச் சோதிக்க வந்த யூத மதகுருக்களான ரபிகளை அவள் தனியாகப் போய்ப் பார்த்ததாகக் கேள்வி.

“அவங்கதான் என்னைப் பத்திப் போட்டுக் குடுத்திருக்காங்க. பெத்த தாயே இப்படிப் பண்ணுனா யார்கிட்டப் போய்ச் சொல்றது?”

தபால்காரர் தடுப்பதற்குள் வகுப்பறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மேஜைக்குப் பின்னால் மூன்று ரபிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் எதுல குறை வச்சேன்? கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க,” என்றார் மூத்த ரபி.

“அப்புறம் என்ன? எங்கம்மா பேச்சைக் கேட்டுத்தானே என்னைக் கழிச்சீங்க?”

“ஆமா.”

“நீங்களே நியாயமாப் பேசுங்க. என்னைப் பத்தி அப்படி என்னதான் சொன்னாங்க?”

“உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அவங்களைப் பத்திதான் பேசுனாங்க.” ரபி எழுந்து வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தச்சரை உட்கார வைத்தார். “அவங்க சின்னப் பொண்ணா இருக்கும்போது, ஒரு கும்பல் அவங்க வீட்டுக்குத் தீ வச்சு, குடும்பத்தையே அழிச்சிருக்கு. தப்பிச்சு வந்தவங்க, பேரை மாத்திக்கிட்டு இந்த ஊர்ல ஒளிஞ்சாங்க. உங்களுக்கும் அந்தக் கதி வந்துடக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா வாயைத் திறக்கல.”

“அதுக்கும் என் பேரை விட்டதுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார் தச்சர்.

“யூதத் தாய் வயித்துல பொறந்தவரை, நாங்க எப்படிங்க யூதரா மாத்துறது?”