ஒத்திகைக்கு எதுக்குத் தலை வாரணும்?

“ஒத்திகைக்கு எதுக்கும்மா தலை வாரணும்?”

கேட்டது சுண்டெலி. என் மகள். பதினேழு வயது. வீட்டுக்குள் வாய் ஓயாது, வெளியாள் ஒருவரைப் பார்த்தால் பொந்துக்குள் போய்விடுவாள். அதனால் அந்தப் பெயர்.

திரையில் தெரிகிற அளவுக்கு முன்பக்கத்தை மட்டும் வாரிவிட்டேன். சாயம்போன டி-ஷர்ட்டை மாற்றச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பத்து மணி: ஒத்திகை, மாமாவின் நண்பர்கள். பதினொரு மணி: நேர்காணல், பல்கலைக்கழகம். என் கையெழுத்துதான்.

விலங்கியல் படிக்கவேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. இரண்டு பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே கூப்பிட்டுப் பேசிப் பார்த்துவிட்டன. முதல் இடத்தில் தன் பெயரையே மறந்துபோனாள். இரண்டாவது இடத்தில் பெயரைச் சொன்னாள், அதோடு சரி. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

அந்தப் பயத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்தால் திறக்கவே மாட்டாள். திறந்து படிப்பது, பதில் போடுவது எல்லாம் நான்.

எனக்குப் பல் மருத்துவமனையில் வேலை. வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பேன், டாக்டர் முடித்ததும் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுப்பேன். வாசலிலேயே கால் நடுங்குகிறவர்களை நாற்காலிவரை கொண்டுபோய் உட்காரவைப்பது எனக்குக் கைவந்த கலை. எப்படி என்பது தொழில் ரகசியம்.

அவள் அப்பாவைக் காய்கறி வாங்கத் துரத்தினேன். வீட்டில் இருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார். அழைப்பு மணியின் பேட்டரியையும் கழற்றி வைத்தேன்.

சரியாகப் பத்துக்கு இணைப்பை நானே திறந்துவிட்டு, திரையில் விழாமல் ஃபிரிட்ஜை ஒட்டி நின்றுகொண்டேன்.

மூன்று பேர் வந்தார்கள். நடுவில் வழுக்கைத் தலைக்காரர், இந்தப் பக்கம் கண்ணாடி போட்ட அம்மாள், அந்தப் பக்கம் கொட்டாவி விட்டபடி ஒருவர். பின்னால் கூரைவரை புத்தக அலமாரி.

சுண்டெலி மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அலமாரியெல்லாம் வேற! மாமா கலக்குறாரு.”

வழுக்கைத் தலைக்காரர் விண்ணப்ப எண்ணைக் கேட்டார். அதற்கே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து, ஏன் விலங்கியல் என்றார்.

மனப்பாடம் செய்த பதில் ஒன்று இருந்தது. இயற்கையின்மீது சிறு வயதிலிருந்தே தீராத ஆர்வம் என்று தொடங்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். எங்கள் வீட்டு எறும்புதான் காரணம் என்றாள்.

அம்மா சர்க்கரை டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாலும் எறும்பு கண்டுபிடிக்கிறது, சர்க்கரை வியாதிக்கார அப்பாவால் முடியவில்லை, அப்பாவைவிட எறும்பிடம் அப்படி என்ன அதிகம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்றாள். சுவரில் எறும்பு போகிற பாதையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எத்தனை நிமிடத்தில் புதுப்பாதை போடுகிறது என்று எட்டு மாதமாக நோட்டில் குறித்து வைத்திருப்பதைச் சொன்னாள். கொட்டாவிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கண்ணாடி அம்மாள் குறுக்கே எதையோ சொல்ல, அது அப்படி இல்லீங்க என்று இவள் கையை ஆட்டி விளக்கினாள். வழுக்கைத் தலைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுதான் என் பெண். இவளை வெளியே ஒருவரும் பார்த்ததே இல்லை.

இரண்டு வாரத்தில் தெரிவிக்கிறோம் என்று முடித்தார்கள். நீங்கள் மூன்று பேருமே பிரமாதமாகப் பண்ணினீர்கள் என்று சுண்டெலி அவர்களைப் பாராட்டினாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கண்ணாடி அம்மாள் ரொம்பப் பணிவாக நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு குளித்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டினாள். தலையைப் பின்பக்கமும் வாரினாள். நான் பேட்டரியை மணியில் திரும்பப் போட்டேன். அவளிடம் ஒன்று சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். வரவில்லை. பயத்தில் அவள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது.

பதினொரு மணிக்குத் திரையில் டை கட்டிய மூன்று பேர். ஏன் விலங்கியல்?

இயற்கையின்மீது, என்றாள். அங்கேயே நின்றுவிட்டாள். போதாக்குறைக்கு அவள் அப்பா வேறு வந்து மணியடித்தார். ஒரு எறும்புகூட அவள் வாயிலிருந்து வெளியே வரவில்லை. ஆறாவது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுவது கூடம்வரை கேட்டது.

போன் அடித்தது. என் தம்பி.

“என்னக்கா, ஒத்திகையிலேயே பிள்ளை இப்படித் தடுமாறுது? நிஜ இண்டர்வியூ எப்போ?”

“அது பத்து மணிக்கே முடிஞ்சிருச்சுடா.”

மருத்துவமனையிலும் இப்படித்தான். டாக்டர் இன்றைக்குச் சும்மா பார்க்க மட்டும்தான் செய்வார் என்று சொல்லித்தான் உட்காரவைப்பேன். பல் தட்டில் விழுந்த பிறகு உண்மை தெரியும். பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். ஒருவர் என் கையைக் கடித்தே விட்டார்.

ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்ச் சுண்டெலியின் கதவைத் தட்டினேன். வீங்கிய கண்ணோடு திறந்தாள்.

டம்ளரை நீட்டும்போது விரல்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.