நாலு பேர் கூடாரம்

நாலு பேர் படுக்கும் கூடாரத்துக்குள் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டோம்.

வெளியே எங்கள் சூப்பர்வைசர் சங்கிலி நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

கோத்தகிரிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில், டூரிஸ்டுகளுக்காகப் போன வருடம் போட்ட கூடாரங்கள் இவை. கீழேயே பதினாலாம் நம்பர் தேயிலைக் காடு. இன்று விடியும்போது ஒரு கரடி வந்து பிஸ்கட் பையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிவிட்டது.

அரை மணி நேரத்தில் ஜீப் வந்து டூரிஸ்டுகளைப் பத்திரமாக ஏற்றிக்கொண்டு போனது.

திரும்பி வந்த அதே ஜீப்பில் எங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பதினாலாம் நம்பரில் கொழுந்து எடுக்க வேண்டுமாம்.

அவர்களுக்கு உயிர் வெல்லக்கட்டி. எங்களுக்கு மட்டும் வேப்பங்காயா?

போன மாதம் இதே காட்டில் கரடி பிறாண்டிய தங்கமணிக்கு இன்னும் இடது கண் திறக்கவில்லை. குனிந்து கொழுந்து எடுக்கிறவளுக்குச் செடிக்கு அந்தப் பக்கம் என்ன படுத்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடார வாசலில் தொங்கிய அட்டையை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். கரடி நடமாட்டம் இருந்தால் உள்ளேயே இருக்கவும். வனத்துறையினர் வந்து சொல்லும்வரை வெளியே வர வேண்டாம்.

வாசித்துவிட்டு முதல் ஆளாக உள்ளே நுழைந்தேன். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

துணி கரடியைத் தடுக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். அட்டை எழுதிய ஆபீஸில் கேளுங்கள்.

சங்கிலி கூடாரத்தைத் தட்டினார். இன்றைய கூலி கிடையாது என்றார். வேலையே போய்விடும் என்றார்.

"அட்டையில போட்டிருக்கறதத்தானுங்க சார் செய்யறோம். பாரஸ்ட்காரங்க வரட்டும்" என்றேன். வேலைக் காட்டில் எல்லாருக்கும் அவர் சார்தான், எனக்கும்.

அப்போது அவருடைய போன் அடித்தது. மேனேஜர் கத்தியது உள்ளே எங்களுக்கே கேட்டது. தூண்டிவிட்டது யார், பேரைச் சொல், இன்றோடு எஸ்டேட்டை விட்டே அனுப்புகிறேன் என்றார்.

பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும். போகட்டும், கண்ணைவிட வீடு பெரிதா? ஆயம்மாள் என்று என் பேரை நானே கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் வெளியே அவர் முந்திக்கொண்டார். "சங்கிலினு எழுதிக்குங்க சார். நாந்தான் உள்ள போகச் சொன்னேன்."

போனை வைத்துவிட்டார். அப்புறம் விசிலே ஊதவில்லை. கரடி இறங்கிய தேயிலையைப் பார்த்தபடி தனியாக நின்றுகொண்டிருப்பார் என்று தெரிந்தது.

எல்லாரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள்.

நான் ஜிப்பைத் திறந்து, என் வீட்டுக்காரரை உள்ளே விட்டேன்.