தோரின் முதல் தலை

சாக்கைத் தொப்பென்று மேஜைமேல் போட்டான் அந்தப் பையன். அதிலிருந்து கசிந்த ரத்தம், வீட்டுக்காரி ஹல்பெரா காலையில்தான் தேய்த்துக் கழுவிய பலகையில் ஓடி, வெண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் போய்த் தேங்கியது.

புல் அறுப்புக் காலம். வீட்டு ஆண்கள் எல்லாரும் மேட்டுப் புல்வெளியில் இருந்தார்கள். அவனோடு ஈக்கள்தான் கூட்டமாக உள்ளே வந்தன.

"நான் தோர். ஓதினோட மகன். இந்த அரக்கனை நான்தான் கொன்னேன்," என்றான், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவன்போல. "நீங்கதான் சாட்சி."

மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. ஒருவனைக் கொன்றவன், வழியில் வரும் முதல் வீட்டுக்குள் போய்த் தன் பெயரையும் செத்தவன் பெயரையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தாண்டிப் போனால் அவன் வீரன் இல்லை, ஒளிந்து கொன்றவன். கடவுளின் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். சட்டத்தைப் போட்டதே அவன் அப்பா, கடவுள்களின் தலைவன் ஓதின்.

"செத்தவன் பேரு?" என்று கேட்டாள் ஹல்பெரா.

அது அவனுக்குத் தெரியவில்லை. காது இரண்டும் சிவந்துவிட்டன.

"நீங்கதான் பார்த்துச் சொல்லணும். மலையடியில குடியிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாத அரக்கனா? பேர் இல்லாம போனா கடவுள்கள் சபையில சிரிப்பாங்க. அப்பா பக்கத்துல உட்கார விட மாட்டாங்க."

அந்த ஓர் இடத்துக்காகத்தான் இவ்வளவும்.

ஆனால் முதலில் வயிற்றைக் கவனித்தான். அறுப்பாட்களுக்கு வைத்திருந்த பார்லிக் கஞ்சிப் பானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். கையை முழங்கை வரை உள்ளே விட்டு வழித்துத் தின்றான். கருவாட்டைத் தலையோடு கடித்தான். ஹல்பெரா தடுக்கவில்லை. நினைத்தால் ஒற்றைக் கையால் உத்திரத்தைப் பிடுங்கிவிடுவான். பயம் ஒரு பக்கம், அருவருப்பு ஒரு பக்கமாக நின்றாள்.

வாய் நிறையக் கஞ்சியோடு சண்டையைச் சொன்னான்.

"ஆத்தங்கரையில நின்னான். இந்தக் கூரை உசரம் இருப்பான். என்னைப் பார்த்ததும் வாயைப் பிளந்து கத்திக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சுப் பாய்ஞ்சான் பாருங்க! வேற எவனா இருந்தாலும் ஓடியிருப்பான். நான் நின்னேன். பாறையைத் தூக்கினேன். ஒரே போடு!"

சொல்லிவிட்டுச் சாக்கை அவிழ்த்துத் தலையை வெளியே உருட்டினான். அண்டா அளவு இருந்தது. தாடி கறுகறுவென்று மேஜையின் விளிம்பைத் தாண்டித் தொங்கியது. கையில் ஒட்டியிருந்த கஞ்சியை அந்தத் தாடியிலேயே துடைத்துக்கொண்டான்.



உச்சி வெயிலில் சுமந்து வந்த தலை. இமையோரத்தில் ஈக்கள் மொய்த்தன. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு குனிந்தவள், துணியை எடுத்துவிட்டாள். இரண்டு விரலால் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

முன்பற்கள் இரண்டும் இல்லை. ஈறில் புதுப் பல் ஒன்று வெள்ளையாக முனை காட்டியது.



"புரூசி," என்றாள்.

"புரூசி!" அவன் சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினான். ஈக்கள் எழும்பித் திரும்ப உட்கார்ந்தன. "பெரிய ஆளா? எத்தனை பேரை அடிச்சிருப்பான்?"

"பால் பல்லு விழுந்துக்கிட்டு இருந்துச்சு அவனுக்கு. ஒவ்வொண்ணா விழ விழ எடுத்துட்டு வந்து காட்டுவான்."

பையன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்ப இந்தத் தாடி?"

"அரக்கங்க பசங்களுக்குத் தொட்டில்லயே தாடி வந்துடும். தெனம் காலையில மோர் கேட்டு இங்க வருவான். வாசல்ல என்னைக் கண்டா போதும், கத்திக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சு ஓடி வருவான். ஆளைப் பார்த்தா அவ்வளவு சந்தோஷம் அதுக்கு."

பானைக்குள் இருந்த அவன் கை அப்படியே நின்றது. அந்தக் கை, மோவாயில் வழிந்த கஞ்சி, அரும்பும் செம்பட்டை மீசை எல்லாவற்றின் மேலும் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது ஹல்பெராவுக்கு. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவன் பானையைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகத் தலையைச் சாக்கில் திணிக்கப் பார்த்தான்.

"நான் இங்க வரவே இல்லைன்னு வெச்சுக்குங்க. அடுத்த வீட்டுல சொல்லிக்கிறேன்."

அவள் சாக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதுதான் முதல் வீடு. இங்க சொன்னது சொன்னதுதான். உனக்குச் சாட்சிதானே வேணும்? நானே உங்க சபைக்கு நடந்து வர்றேன்டா. உங்கப்பா முன்னாடி நின்னு அந்தக் குழந்தை பேரைச் சொல்றேன், வயசைச் சொல்றேன். அது தாடியில நீ கையைத் துடைச்சதையும் சொல்றேன். அவரு உன்னை எங்க உட்கார வைக்கிறாருன்னு பார்ப்போம்."

 பையன் வாயில் மிச்சமிருந்த கஞ்சியைத் துப்பவும் தோன்றாமல், கஷ்டப்பட்டு விழுங்கினான். இப்போது பார்க்க அவனும் சின்னப் பையனாகத்தான் தெரிந்தான்.

"அப்பாவுக்குத் தெரியும்," என்றான். "ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினதே அவர்தான். முதல் தடவைக்கு இவன் போதும்னாரு."