எல்லாம் அடக்கம்

"இந்தக் கடல் ஏன் இப்படிக் கத்துது? கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க!"

ஏழாம் மேஜைக்காரி பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. அந்தப் பட்டை கட்டியவருக்கு இந்தத் தீவில் அறை, சாப்பாடு, படகுச் சவாரி எல்லாம் அடக்கம். சர்வரை வறுத்தெடுப்பதும் அதில் அடக்கம்தான் போல.

"கடல் எங்க பேச்சைக் கேக்காதுங்க மேடம். காத்து மறைவா உள்ளே ஒரு மேஜை இருக்கு, மாத்தித் தரட்டுங்களா?" என்றான் சர்வர்.

"வேணாம். மீனைக் கொண்டாங்க."

தூணோரம் மேலாளர் குறிப்பேட்டோடு நின்றார். காலையில் வாயை விட்ட இரண்டு சர்வர்கள் இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இவனும் சறுக்கினால் சாயங்காலப் படகுதான். இங்கே பாத்திரம் கழுவும் வேலை உறுதியாகிவிட்ட மனைவி தீவில் இருப்பாள். இவன் கரையில் கிடப்பான். கல்யாணமான நாலு வருஷத்தில் இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

மீன் வந்தது. ஒரு வாய் வைத்ததும் அவள் முகத்தைச் சுளித்தாள்.

"பல்லுல மண்ணு கடிக்குது. எல்லாம் அடக்கம்னீங்க, மணலும் அடக்கமா?"

பக்கத்து மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சர்வருக்குக் காது சுட்டது.

"மன்னிச்சுக்கங்க மேடம். அஞ்சு நிமிஷத்துல வேற கொண்டு வரேன்."

"அதுவரைக்கும் நான் காத்தைத் தின்னணுமா?"

"பழச்சாறு தரேங்க."

சமையலறைக்கு ஓடினான். தொட்டியில் பாத்திரம் மலையாகக் குவிந்திருந்தது, குழாயடியில் ஆளில்லை. "தாக்குப்பிடிப்பா, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று சமையற்காரர் முணுமுணுத்தார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். இங்கே பொறுத்தால் தீவில் தங்கலாம், அவ்வளவுதான்.

பழச்சாற்றைக் கொண்டுவந்து வைத்தான். அவள் முழங்கை இடித்தது. வேண்டுமென்றே இடித்ததை அவன் பார்த்தான். கோப்பை கவிழ்ந்து அவனுடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பானது.

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? இப்படியா ஒரு தத்தி!"

மேலாளரின் பேனா நின்றது. கூடமே அவனைப் பார்த்தது. நாக்கு நுனிவரை வந்ததை அவன் விழுங்கினான். அவளை நிமிர்ந்து பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும். மேஜை விரிப்பையே பார்த்தான்.

"தப்பு என்னுதுதாங்க மேடம். உங்க மேல ஒண்ணும் தெறிக்கலையே?"

அவள் கைகள் இரண்டையும் விரிப்புக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

மேலாளர் குறிப்பேட்டை மூடினார். "தேறிட்டீங்க. ஒத்திகை முடிஞ்சுது, எல்லாரும் பட்டையைக் கழட்டிக் குடுங்க. நாளைக்குத்தான் நிஜ விருந்தாளிங்க வர்றாங்க."

ஏழாம் மேஜைக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். கண் இரண்டும் கலங்கியிருந்தன.

"இரக்கப்பட்டு ஒரு வார்த்தை விட்டாலும் உங்களைப் படகுல ஏத்திடுவேன்னுட்டாருங்க. சட்டையைக் கழட்டிக் குடுங்க, பாத்திரம் கழுவுற கையோட அலசிப் போட்டுடறேன்" என்றாள் அவன் மனைவி.