கதாநாயகி சாகும் வரை

“இன்னுமா இந்தப் பொண்ணு சாகல?”

சீமாட்டி குளோதில்ட் விசிறியால் வாயை மறைத்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் ஓபரா அரங்கின் பக்கத்து மாடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவா பேசுங்கம்மா” என்றான் மகன் கஸ்பார்.

“விஷம் குடிச்சவ சுருண்டு படுக்க வேண்டாமாடா? எழுந்து நின்னு பாடறா!”

“அது உணர்ச்சிம்மா. காதலன் வர்ற வரைக்கும் உயிரைக் கையில பிடிச்சிட்டிருக்கா.”

“அவன் வந்தா அவனும் ஒரு பாட்டு பாடுவான். விடிஞ்சிரும்.”

கஸ்பாருக்கு வியர்த்தது. அந்த ஓபராவுக்கு இசையமைத்தவனே அவன்தான். அரங்க மேலாளரைத் தவிர பாரிஸில் ஒருவருக்கும் அது தெரியாது. சுவரொட்டியில் ‘பெரோல்’ என்று ஒரு புனைபெயர்தான் இருந்தது.

பிரபு வம்சத்துப் பிள்ளை போரில் சாகலாம், சூதாடி அழியலாம். மேடைக்காரர்களுக்கு மெட்டுப் போட்டால் மட்டும் குடும்ப மானம் போய்விடும். அப்பா கண்ணை மூடும்வரை அதைத்தான் சொன்னார். விஷயம் காதில் விழுந்தால் அம்மா தன் முகத்திலேயே விழிக்கமாட்டாள் என்று கஸ்பார் பயந்தான். ஊரே பேசும் ஓபராவுக்குக் கூட்டிப்போ என்று அவளே பிடிவாதம் பிடித்தபோது தட்ட முடியவில்லை.

“யாருடா இந்த பெரோல்?”

“யாரோ வெளியூர்க்காரராம்.”

“வீட்டுல சாப்பாடு சரியில்லையோ? இந்த அழுகை அழறான்!”

“பெரிய மேதைன்னு பத்திரிகையில எழுதறாங்கம்மா.”

“உனக்கு ஏன்டா மூக்கு சிவக்குது? அவனைப் பெத்தவளை நினைச்சேன். பாவம், எங்க உக்காந்து இதைக் கேட்டுக்கிட்டிருக்காளோ!”



மேடையில் காதலன் ஓடிவந்தான். நாயகி அவன் மடியில் சாய்ந்தாள். வயலின்கள் ஒவ்வொன்றாக அடங்க, அவளுடைய குரல் மட்டும் மெலிந்து, இழையாகி, அறுந்தது. அரங்கில் இருமல்கூடக் கேட்கவில்லை. அம்மாவின் பேச்சையும் காணோம்.

“கைக்குட்டை இருந்தா கொடு” என்றாள் அவள், திரும்பாமலே. “விளக்குப் புகை கண்ணைக் கரிக்குது.”

திரை விழுந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. “பெரோல்! பெரோல் மேடைக்கு வரணும்!” என்று தரை அதிரக் காலைத் தட்டினார்கள். மேலாளர் வந்து, வழக்கம்போல, இசையமைப்பாளர் ஊரில் இல்லை என்றார். கூச்சல் இன்னும் கூடியது.

கஸ்பார் அவசரமாக அம்மாவின் சால்வையை எடுத்தான். “கிளம்பலாம்மா. அப்புறம் வாசல்ல நெரிசலாயிரும்.”

சீமாட்டி அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனைக் கிட்டே இழுத்து, கோணலாக இருந்த அவனுடைய கழுத்துப்பட்டையை நேராக்கினாள்.

“நான் இங்கேயே இருக்கேன், நீ மேடைக்குப் போ” என்றாள். “பாவம், அவங்களும் எவ்வளவு நேரம்தான் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க?”