மடித்த தோசையின் விட்டம்

"ஒரே விலதானே குடுக்குறோம்? சில பேருக்கு மட்டும் பெருசு, எனக்கு மட்டும் அப்பளமா?"

லாரி ஓட்டும் வடிவேலு தோசையை ஒரு முனையில் தூக்கிப் பிடித்துக் கடை முழுவதற்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

செங் தொழிற்பேட்டைக்கு எதிரே ஷெர்லீன் தோசைக் கடை போட்டு ஆறு வருடம் ஆகிறது. அளவில் ஏமாற்றுகிறாள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் நிறைந்திருந்த நேரம். அவ்வளவு பேரும் தத்தம் தட்டைக் குனிந்து பார்த்தார்கள்.

நான் சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பின்தெருவில்தான் எனக்கு வீடு. வீட்டில் மாவு இருந்தாலும் இங்கேதான் சாப்பிடுவேன். வீட்டில் சேதி கிடைக்காது.

"கைதானேண்ணே, மெஷினா? ஒரு சுத்து கூடக் கொறய இருக்கும்லா," என்றாள் ஷெர்லீன். குரல் உள்ளே போயிருந்தது.

அப்போதுதான் ஹரிதாஸ் எழுந்தான். தொழிற்சாலையில் ரப்பர் வளையங்களை அளந்து, அரை மில்லி பிசகினாலும் கூடையில் எறிவது அவன் வேலை. முப்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் வேலைக்கு நேரமாச்சு என்பான். மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப் பையில் அவன் அளவு நாடா வைத்திருப்பான்.

"சண்ட வேணாம். ஷெர்லீன் அப்படிச் செய்யற ஆள் இல்ல. அளந்துட்டா முடிஞ்சிச்சு."

தோசை பாதியாக மடித்துத்தான் வரும். அந்த மடிப்புதான் விட்டம் என்று எங்களுக்கு விளக்கம் வேறு. வடிவேலுவின் தோசை இருபத்து நான்கு சென்டிமீட்டர். என்னுடையதும் இருபத்து நான்கு. பக்கத்து மேசையிலும் அதே இருபத்து நான்கு.

ஹரிதாஸுக்கு முகமெல்லாம் பெருமை, ஏதோ தானே சுட்டது போல.

"இப்ப உன்னோடத அளந்து பாருலா," என்றார் வடிவேலு.

முப்பது.

"ஆறு சென்டிதானே!" என்றாள் ஷெர்லீன் அவசரமாக. வடிவேலுகூடச் சமாதானமாகிவிடுவார் போலிருந்தது. ஆறு சென்டி என்ன பெரிசு, மூன்று விரல்.

அதோடு விட்டிருக்கலாம். அவனா விடுவான்?

"அப்படிச் சொல்லக் கூடாது. இது நீளம் இல்ல, வட்டம்."

நாசி லெமாக் சோறு கட்டும் பழுப்புக் காகிதம் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டான். பேனா என்னிடம் வாங்கினான். விட்டத்தில் பாதி எங்களுக்குப் பன்னிரண்டு, அவனுக்குப் பதினைந்து. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் நூற்று நாற்பத்து நான்கு. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் இருநூற்று இருபத்தைந்து. அதற்கு மேல் பெருக்க வேண்டிய மூன்று சொச்சம் இரண்டுக்கும் பொது என்று அதை அடித்துவிட்டான்.

"நீங்க ஒரு தோச சாப்பிட்டா, நான் ஒன்றரைக்கு மேல சாப்பிடறேன். ரெண்டு வருஷமா எனக்கு இதே அளவுதான்!"

மூன்று விரல் என்றால் கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு வருடமாகத் தினமும் அரைத் தோசை தவறுமா?

வடிவேலு மெல்ல உட்கார்ந்து, காலிக் குவளையிலிருந்து கோப்பி குடித்தார். யாரோ இருமினார்கள்.

கடையில் புரியாதவன் ஒருவன்தான். காகிதத்திலிருந்து நிமிர்ந்து, வளையத்தில் குறை கண்டுவிட்ட அதே கவலையோடு கேட்டான்.

"எல்லாருக்கும் கரெக்டா வருது. எனக்கு மட்டும் எப்படித் தெனமும் தப்பா வருது, ஷெர்லீன்?"

கல்லில் இருந்த தோசை கருகியது. ஆறு வருடத்தில் முதல் தடவை. அவள் அதைச் சுரண்டி எடுக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டேய், கணக்கு போட்டது போதும்லா. ஒக்காந்து சாப்பிடு," என்றார் வடிவேலு. சண்டைக்கு வந்த குரல் எங்கே போனதோ.

நான்கு நாள் அவன் கடைப்பக்கம் வரவில்லை. அந்த நான்கு நாளும் எங்கள் தோசைகள் எந்த வடிவத்தில் வந்தன என்று கேட்காதீர்கள். வட்டம் என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். பையில் நாடா இல்லை.

மாதா கோயிலில் ஒரு முறை, முருகன் கோயிலில் ஒரு முறை என்று இரண்டு கல்யாணம் நடந்தது. இரண்டிலும் சாப்பிட்டேன். பிறகு டுரியான் துங்கால் ஊருக்குக் குடிபோய், அங்கேயே கடை போட்டுவிட்டார்கள்.

போன மாதம் கார் பிடித்துப் போனேன். ஷெர்லீன் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடுங்கக்கா," என்றாள்.

மடிப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றரைச் சாண். முப்பது சென்டிக்குக் குறையாது.

ஆக, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சண்டைக்கு முதல்நாள் பசார் சந்தையில் வைத்து, "உங்க தோசயையும் அந்த ஹரிதாஸ் தோசயையும் பக்கத்துல வச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று வடிவேலுவிடம் கேட்டது யார் என்று.

இந்த ஒன்றரைச் சாண் விஷயத்தை மட்டும் வடிவேலு காதில் போட்டுவிடாதீர்கள்.